பக்கத்து ஸீட்டில் யார்?

கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைப் பார்க்கிறோம். வெண்டைக்காயானால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். மாப்பிள்ளை பார்க்கிற விஷயத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். நாலு ஊரில் விசாரித்து, ஐந்தாவது ஊரில் ஜாதகத்தைக் காட்டி, அப்புறமும் மனசு ஒப்பாமல் பையன் வேலை பார்க்கிற இடத்தில் ரகசியமாக ஆள் விட்டுக் கேட்கிறோம். இத்தனை ஜாக்கிரதையான நாம், கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று கிளம்பினால் மட்டும் இரண்டே இரண்டு கேள்விகளோடு திருப்தி அடைந்துவிடுகிறோம்.

"எத்தனை ரூபாய்? எத்தனை நாளில் லைஸென்ஸ் கைக்கு வரும்?"

கற்றுக்கொடுக்கப் போகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று கேட்பதில்லை. நம் உயிரையும், எதிரே சைக்கிளில் வருகிறவன் உயிரையும் அந்த மனிதருடைய காலடியில் ஒப்படைக்கப் போகிறோம் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை.

பாபநாசத்தில் இருக்கும் என் தமக்கையும் இந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்டாள். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த நானும் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கவில்லை. அதனால் விளைந்த கதையையும், அதற்கப்புறம் எங்களுக்கு வந்த புத்தியையும் நேயர்களுக்குச் சொல்லிவிடுவது என் கடமை.

* * *

தமக்கைக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அவளுக்கு உண்டானது சொகுசுக்காக அல்ல.

என் அத்திம்பேர் முப்பது வருஷம் கார் ஓட்டியவர். ஒரு நாள் சாயந்திரம் கடைத்தெருவில் சைக்கிள்காரப் பையன் ஒருவன் பூமியிலிருந்து முளைத்தவன் போல் காருக்கு முன்னால் வந்து நின்றான். மயிரிழையில் தப்பினான். உண்மையில் அவன் எங்கிருந்தும் முளைக்கவில்லை. அத்தனை நேரமும் பக்கத்திலேயேதான் வந்துகொண்டிருந்தான். அத்திம்பேருக்குத்தான் பக்கம் தெரியவில்லை. கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு 'குளுக்கோமா' என்றார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிற வியாதி அது. முதலில் பக்கவாட்டுப் பார்வையைத்தான் திருடும். நேரே இருக்கிற எழுத்தை அத்திம்பேர் இன்றைக்கும் கணீரென்று படித்துவிடுவார். அதனால்தான் இத்தனை நாளும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கார் சாவியைக் கொண்டுபோய் ஸ்வாமி அலமாரியில் வைத்தார். வைத்தது வைத்ததுதான். அப்புறம் அதைத் தொடவில்லை.

மாதம் ஒரு தடவை தஞ்சாவூருக்குப் போய்க் கண்ணைக் காட்டவேண்டும். ஒரே பிள்ளை வெளிநாட்டில். எதிர்வீட்டுப் பையன் தங்கமானவன். ஆனால் அவனுக்கும் வேலை வெட்டி உண்டல்லவா? "மாமி, இன்னிக்கு முடியல்லே, நாளைக்குப் போகலாமா?" என்பான். நாளைக்கு டாக்டர் இருக்கமாட்டார். உயிருக்கு ஆபத்தானால் கூப்பிடுவதற்கு 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதி வாங்குவதற்கு அதைக் கூப்பிட முடியுமா? பஸ்ஸில் போகலாம் என்றால், கூட்டத்தில் பக்கம் தெரியாத மனிதரைப் பிடித்துக்கொண்டு ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாடு.

ஒரு நாள் தமக்கை எனக்கு டெலிபோன் செய்தாள்.

"ஏண்டா, கார் சும்மா கொட்டகையிலே நிக்கறது. நான் கத்துக்கறேன்."

"இந்த வயசிலேயா அக்கா?"

"கன்யாகுமரி ஜில்லாவிலே வசந்தகுமாரின்னு ஒரு அம்மாள் 1993-லேயே அரசாங்க பஸ்ஸை ஓட்ட வந்துட்டா. நான் ஓட்டப்போறது பஸ் இல்லேடா, சின்னக் கார்! அதிலேயும் ஒரே ஒரு பாஸஞ்சர்!"

இதற்கு மேல் நான் என்ன சொல்வது?

* * *

முதலில் கிடைத்தவர் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர். வாலிபர். சிரித்த முகம். "பத்தே நாள் மாமி! லைஸென்ஸ் என் பொறுப்பு" என்றார். தமக்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும்தான்.

பயிற்சிக் கார்களில் பக்கத்து ஸீட்டுக்காரர் காலடியிலும் பெடல்கள் உண்டு என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். மாணாக்கர் தடுமாறினால் வாத்தியார் மிதித்து வண்டியை நிறுத்துவதற்காக வைத்த ஏற்பாடு அது. சட்டப்படி பயிற்சிப் பள்ளியின் கார்களில் அந்த இரட்டைக் கட்டுப்பாடு இருந்தே ஆகவேண்டும்.

தமக்கை ஓட்டினாள். என்ன ஆச்சரியம்! முதல் நாளே கார் தண்ணீரில் படகு போவது போல் போயிற்று. கடைத்தெருவில் போயிற்று. பாலத்தில் ஏறி இறங்கிற்று. எதிரே லாரி வந்தால் வேகம் தானே குறைந்தது. அவளுக்குப் பயம் வந்தபோதெல்லாம் அந்த வாலிபர் ஒரே மந்திரத்தைச் சொன்னார்:

"பயப்படாதீங்க மாமி. நான் இருக்கேன்ல!"

பத்து நாளும் முடிந்தன. எட்டாம் நாள் அவரே, "நீங்க இனிமே வீட்டுக் காரையே எடுக்கலாம் மாமி, அவ்வளவு நல்லா ஓட்டறீங்க" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்.

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த தை மாதம். நான் பாபநாசம் போயிருந்தேன். தமக்கை கையில் எல்.எல்.ஆர். இருந்தது. காரின் முன்னும் பின்னும் வெள்ளை அட்டையில் சிவப்பு 'எல்' எழுத்து. பழகுநர் பக்கத்தில் லைஸென்ஸ் உள்ளவர் ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும் என்பது விதி. என்னிடம் லைஸென்ஸ் இருந்தது. நான் கார் ஓட்டி எத்தனையோ வருஷம் ஆயிற்று என்பதைப் பற்றி விதி ஒன்றும் கேட்கவில்லை; நானும் ஒன்றும் சொல்லவில்லை. கம்பீரமாக ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

பாபநாசம் எப்படிப்பட்ட ஊர் என்று இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, காவேரியானவள் குடமுருட்டி என்றும் வெட்டாறு என்றும் வெண்ணாறு என்றும் கிளை பிரிந்து ஓடுகிற வண்டல் பூமி. கையால் தடவி வைத்தாற்போல் சமதரை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். ஊரில் உயரமானவை என்று சொன்னால் கோயில் கோபுரங்கள், திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்தில் கட்டிய நெற்களஞ்சியத்தின் முகடு, ஆற்றுப் பாலங்கள், இவ்வளவுதான். இவற்றில் கார் ஏறக்கூடியவை பாலங்கள் மட்டுமே.

அப்படி ஒரு பாலத்தின் ஏற்றத்தில், பாதி வழியில், முன்னால் போன டிராக்டர் நின்றது. தமக்கை பிரேக்கை மிதித்தாள். காரும் நின்றது. எஞ்சினும் அணைந்தது. மறுபடி கிளப்பினாள். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தாள். கார் ஒரு குதி குதித்து அணைந்தது. மூன்றாம் தடவை பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிட்டாள். கார் மெதுவாகப் பின்னோக்கி உருள ஆரம்பித்தது.

பின்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி.

"மாஸ்டர்! மாஸ்டர்!" என்று தமக்கை கூவினாள். மாஸ்டர் எங்கே இருக்கிறார்? பக்கத்தில் நான்தான் இருந்தேன். என் காலடியில் பெடலும் இல்லை. ஆனால் என் வலது கைக்கு ஒரு ஜாண் தூரத்தில் ஹேண்ட் பிரேக் இருந்தது. நேயர்களிடம் மறைப்பானேன்? நான் அதைப் பிடிக்கவில்லை. ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாபநாசத்தில் உள்ள 108 சிவலிங்கங்களையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன்.

காப்பாற்றியது லாரியின் கிளீனர் பையன். கட்டையை எடுத்துக்கொண்டு குதித்து ஓடிவந்து, எங்கள் பின் சக்கரத்துக்கு அடியில் போட்டான். கார் அதில் இடித்து நின்றது. லாரிக்கும் காருக்கும் நடுவே இரண்டு முழம் இருந்தால் அதிகம். அந்தப் பையன் நின்றதும் அந்த இடைவெளியில்தான்! அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வீட்டுக்கு வந்ததும் தமக்கை வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "அதே பாலத்திலே நான் பத்துத் தடவை ஏறியிருக்கேனேடா!" என்றாள்.

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அத்திம்பேர் சொன்னார்: "நீ ஏறல்லே. அந்தப் பையனோட கால் ஏறித்து."

* * *

நேயர்களே, டிரைவிங் வாத்தியாரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் அத்திம்பேருடைய அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. பக்கத்து ஸீட்டுக்காரர் கால் எவ்வளவு சுறுசுறுப்போ, அவ்வளவுக்கு மாணாக்கரின் கால் சோம்பேறி. கோபக்கார வாத்தியாரைவிடக்கூட, "நான் இருக்கேன்" என்று சொல்லி உங்களுக்குத் தெரியாமலே உங்களுக்காக ஓட்டிவிடுகிற நல்ல மனுஷர் ஆபத்தானவர். ஏனென்றால் அவர் ஒரு நாள் இருக்கமாட்டார். பாலம் இருக்கும், லாரி இருக்கும், நீங்கள் இருப்பீர்கள்.

பத்து நாளில் தமக்கை உண்மையில் எத்தனை நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தாள் என்று பிறகு கணக்குப் போட்டோம். ஒரே காரில் மூன்று பேர். ஆளுக்கு இருபது நிமிஷம். ஆக மொத்தம் மூன்று மணி இருபது நிமிஷம்! மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) என்ன சொல்கின்றன தெரியுமா? சொந்த உபயோகத்துக்குக் கார் ஓட்டப் பழகுகிறவருக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது. அதில் கையால் ஓட்டுகிற நேரம் மட்டும் 10 மணிக்குக் குறையக்கூடாது. ஒவ்வொரு மாணாக்கரும் எத்தனை நேரம் ஓட்டினார் என்று பள்ளிக்கூடத்தார் பதிவேடும் வைத்திருக்கவேண்டும்.

சொல்லிக்கொடுக்கிறவருக்கும் யோக்யதாம்சம் உண்டு. பத்தாவது தேறியிருக்கவேண்டும், ஐந்து வருஷமாவது வண்டி ஓட்டிய அனுபவம் வேண்டும், மோட்டார் மெக்கானிஸம் படித்த சர்டிபிகேட் வேண்டும். பள்ளிக்கூடம் என்றால் பெயருக்கு ஒரு காரும் போர்டும் போதாது. கரும்பலகை, சாலைக் குறிகளின் படம், எஞ்சின் பாகங்களின் படம், முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்கவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு ஷரத்து இருக்கிறது. விதிக்குப் புறம்பான வழியில் லைஸென்ஸ் வாங்கித் தர முடியும் என்று எந்தப் பள்ளியும் யாரையும் நம்பச் செய்யக்கூடாது. "வண்டி ஓட்டத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, லைஸென்ஸ் என் பொறுப்பு" என்று ஒருவர் சொன்னால், அது உபகாரமல்ல, விதி மீறல். அந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

முன்காலத்தில் லாரி டிரைவர்கள் கற்றுக்கொண்ட முறை வேறு. கிளீனராகச் சேர்ந்து, வண்டி கழுவி, கட்டை போட்டு, டிரைவரின் கை கால்களையே வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பழகுவார்கள். நம் நாட்டில் மோட்டார் வாகனங்களுக்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான முதல் சட்டம் வந்தது 1914-ல். பிரிட்டனிலேகூட ஓட்டிக் காட்டினால்தான் லைஸென்ஸ் என்று கட்டாயமாக்கியது 1935 ஜூன் மாதம்தான். 'எல்' அட்டையும் அங்கே அந்த வருஷம்தான் அமுலுக்கு வந்தது. அந்தக் காலத்தில் சாலையில் இருந்த கார்களை விரல் விட்டு எண்ணலாம். இன்றைய நிலைமை என்ன? 2022-ஆம் வருஷம் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் கணக்குச் சொல்கிறது. கற்றுக்கொடுக்கும் முறையில் அவசரம் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

* * *

இரண்டாவது வாத்தியாரைத் தேடும்போது நாங்கள் உஷாராகிவிட்டோம். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல் ஒவ்வொருவரையும் தட்டிப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தின் லைஸென்ஸ் எங்கே? மொத்தம் எத்தனை மணி நேரம் நான் ஓட்டுவேன்? ஒரு காரில் எத்தனை பேர்? கடைத்தெருவிலும் பாலத்திலும் ராத்திரி வேளையிலும் ஓட்டச் சொல்லித் தருவீர்களா? உங்களுடைய பெடலை எப்போது மிதிப்பீர்கள்?

கடைசிக் கேள்வியைக் கேட்டதும் ஒருவர் கோபித்துக்கொண்டார். ஒருவர் சிரித்தார். வயதான ஒருவர் மட்டும் சற்று யோசித்துவிட்டு, "கூடிய மட்டும் மிதிக்கமாட்டேன் அம்மா. மிதிச்சா உங்ககிட்டே சொல்லிப்புடுவேன்" என்றார். அவரையே அமர்த்திக்கொண்டோம்.

முதல் நாள் அவர் எஞ்சினைக் கிளப்பவே விடவில்லை. ஸீட்டை முன்னே பின்னே நகர்த்தி, கிளட்ச்சைக் கடைசி வரை மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி உட்காரச் சொன்னார். மூன்று கண்ணாடிகளையும் திருப்பி வைக்கச் சொன்னார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, வலது பக்கத்திலிருந்து 'ஏ, பி, ஸி' என்று ஆக்ஸிலேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றையும் காலால் தேடச் சொன்னார். "பாட்டுக்காரங்க ஆர்மோனியத்தைக் குனிஞ்சு பாக்குறாங்களா அம்மா? அது மாதிரிதான்" என்றார்.

இரண்டாம் நாள் கரும்பலகையில் கிளட்ச்சை வரைந்தார். இரண்டு தட்டுக்கள். ஒன்று எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிறது. மற்றொன்று கியர் வழியாகச் சக்கரத்தோடு சேர்ந்தது. பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் ஒட்டும்.

"ஓடுற பஸ்ஸிலே ஏறுறவன் என்ன பண்ணுவான்? அது தப்புதான், சொல்றதுக்குச் சொல்றேன். பஸ்ஸோடவே நாலடி ஓடி, வேகம் ஒண்ணானதும் காலை வைப்பான். நின்ன இடத்திலேயிருந்து குதிச்சா விழுவான். அந்த நாலடிதான் ஹாஃப் கிளட்ச். நீங்க குதிச்சீங்க, அதான் வண்டி அணைஞ்சுபோச்சு."

பத்து நாள் பயிற்சியில் விளங்காதது பத்து நிமிஷத்தில் தமக்கைக்கு விளங்கிவிட்டது.

அதன் பிறகுதான் வண்டியை நகர்த்தியது. இவருடைய கால் சும்மா இருந்தது. தேவைப்பட்டபோது மிதித்தார், மிதித்த மறு நிமிஷம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, "இப்போ மிதிச்சது நான். ஏன்னு சொல்லுங்க?" என்று கேட்டார். தமக்கை சொல்லவேண்டும். "நாய் குறுக்கே வந்தது." "நாய் எங்கே நின்னுக்கிட்டிருந்திச்சு, முதல்லே எப்போ பாத்தீங்க?" அதையும் சொல்லவேண்டும். அன்றன்றைக்குத் தான் எத்தனை தடவை மிதித்தார் என்பதை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, அவளிடமே காட்டுவார். முதல் நாள் 23. ஒரு வாரம் கழித்து 9. பதினாறாம் நாள் சுன்னம்.

பாலத்துக்கும் அழைத்துப் போனார். விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது. ஏற்றத்தின் நடுவே நிறுத்தச் சொன்னார்.

"ஹேண்ட் பிரேக்கைத் தூக்குங்க. வண்டி எங்கேயும் போகாது, அவசரமே இல்லை. முதல் கியர். கிளட்ச்சை மெள்ள விடுங்க. எஞ்சின் சத்தம் கம்மும் பாருங்க, முன்பக்கம் லேசாத் தூக்கும். அங்கேயே காலை நிறுத்துங்க. இப்போ கொஞ்சம் ஆக்ஸிலேட்டர். இப்போ ஹேண்ட் பிரேக்கை விடுங்க."

கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறிற்று. தமக்கை திரும்பிப் பார்த்தாள். "மாஸ்டர், நீங்க மிதிக்கல்லையே?"

"நான் இல்லேன்னு வச்சுக்குங்க அம்மா" என்றார் அவர்.

முதல் வாத்தியார் சொன்னது "நான் இருக்கேன்." இவர் சொன்னது "நான் இல்லேன்னு வச்சுக்குங்க." இரண்டு வாத்தியார்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

காவேரிப் படுகையில் ஓட்டுகிறவருக்கு வேண்டிய வேறு சில பாடங்களும் அவரிடம் கிடைத்தன. அறுவடைக் காலத்தில் தார் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். ராத்திரியில் அந்தக் கல் தெரியாது. நெல்மணியின் மேல் அவசரமாக பிரேக் போட்டால் சக்கரம் சறுக்கும். வைக்கோல் ஏற்றிப் போகும் வண்டியைத் தாண்டுமுன், அதற்கு அப்பால் என்ன வருகிறது என்பது தெரிந்தாகவேண்டும். வைக்கோலுக்கு ஊடாகப் பார்க்கிற கண் யாருக்கும் இல்லை. வாய்க்கால் கரை ரோட்டில் எதிரே கதிர் அறுக்கும் யந்திரம் வந்தால், வீரம் காட்டாமல் முன்கூட்டியே அகலமான இடம் பார்த்து ஒதுங்கிவிட வேண்டும். மழை நாளில் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கினால் வாய்க்கால் வா என்று கூப்பிடும். அறுவடை முடிந்த வயலில் மேய்கிற வாத்துக் கூட்டம் ரோட்டைத் தாண்டினால், முதல் வாத்து போயிற்று என்று கிளம்பக்கூடாது. கடைசி வாத்துக்குப் பின்னால் கோலோடு ஒரு பையன் வருவான்.

* * *

எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் ஆன பிறகுதான் பரீட்சைக்குப் போக முடியும். அந்தச் சீட்டு ஆறு மாதம் செல்லும். ஆகவே அவசரப்படுவதில் லாபமே இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் டாக்டர் சர்டிபிகேட்டும் கொடுக்கவேண்டும். விண்ணப்பத்தோடு கையெழுத்துப் போடுகிற உறுதிமொழியில் ஒரு கேள்வி உண்டு: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து கார் நம்பர் பலகையைப் படிக்க முடியுமா என்று. தமக்கை அதைப் படித்துவிட்டு, "உங்க அத்திம்பேர் இதிலே இப்பவும் தேறிடுவார்டா" என்றாள். உண்மைதான். நேரே இருப்பதை அவர் படித்துவிடுவார். ஆகையால் நேயர்களே, வண்டி ஓட்டுகிறவர்கள், முக்கியமாக நாற்பது தாண்டியவர்கள், நம்பர் பலகை தெரிகிறதே என்று இருந்துவிடாமல் வருஷத்துக்கு ஒரு முறை கண் டாக்டரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

2021 ஜூலை மாதத்திலிருந்து மத்திய சர்க்கார் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்கள் என்று ஒரு ஏற்பாடும் வந்திருக்கிறது. அங்கே காருக்கு நாலு வாரத்துக்குள் 29 மணி நேரப் பாடம்; தேறியவர்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடி ஓட்டிக் காட்டும் பரீட்சை கிடையாது. அப்படிப்பட்ட நிலையம் உங்கள் ஊருக்கு அருகில் இருந்தால் விசாரித்துப் பார்க்கலாம். எங்கே கற்றாலும் சரி, கேட்கவேண்டிய கேள்வி மட்டும் மாறாது.

தமக்கை முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். லைஸென்ஸ் கைக்கு வந்த அன்று அத்திம்பேர் எழுந்து போய், ஸ்வாமி அலமாரியைத் திறந்து, சாவியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

மறு வாரம் தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம். தமக்கை ஓட்ட, அத்திம்பேர் முன் ஸீட்டில். நான் பின்னால், எனக்கு முன் ஸீட் கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை. ஒரு பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. பாலத்துக்கு அப்பால் வாத்துக் கூட்டம் சாவகாசமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. எங்கள் பின்னால் ஒரு லாரி வந்து நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். என் கை தானாகவே ஜன்னல் கைப்பிடியைத் தேடிற்று.

தமக்கை ஹேண்ட் பிரேக்கைத் தூக்கிவிட்டு, மடியில் கைகளை வைத்துக்கொண்டாள்.

"எல்லா வாத்தும் போயாச்சா?" என்று அத்திம்பேர் கேட்டார்.

"இன்னும் பையன் வரல்லே."

பையன் கோலோடு வந்தான், போனான். எஞ்சின் சத்தம் லேசாகக் கம்மிற்று. கார் பின்னால் நகராமல் மேலே ஏறிற்று. அத்திம்பேர் மட்டும் தம் வலது காலால் தரையை இன்னும் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார்.

தமக்கை ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"காலை எடுங்கோ. உங்க பக்கம் பிரேக் இல்லை. நான்தான் ஓட்டறேன்."